வென்டிலேட்டரில் இருப்பவரின் உதரவிதானம் ஏன் பலமிழக்கிறது?

ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நிமோனியா சரியாகிவிட்டது, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் ஏன் இன்னும் வென்டிலேட்டரை எடுக்கவில்லை?" நியாயமான கேள்விதான். வந்த நோய் போய்விட்டால் அதற்காக வைத்த இயந்திரமும் போய்விட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இதற்குப் பல பதில்கள் இருக்கலாம். அவற்றில் குடும்பத்தாரிடம் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து விளக்காத பதில் ஒன்று: மூச்சை உள்ளே இழுக்கும் தசை, நோயாளி படுத்துக் கிடந்த அந்தச் சில நாட்களுக்குள்ளேயே மெலிந்து பலமிழந்து போயிருக்கலாம். நுரையீரல் தேறிவிட்டாலும் அதற்குள் காற்றை இழுத்துக் கொடுக்க வேண்டிய தசை இன்னும் தேறவில்லை.

அந்தத் தசைதான் உதரவிதானம். ஐசியுவில் டயாபிரம் என்றே சொல்வார்கள். விலா எலும்புக் கூட்டின் அடியில், நெஞ்சையும் வயிற்றையும் பிரித்தபடி, மேல்நோக்கி வளைந்த குவிமாட வடிவில் இருக்கும் மெல்லிய தசை. மெல்லியது என்றால் உண்மையிலேயே மெல்லியது, விலா எலும்புகளை ஒட்டியிருக்கும் பகுதியில் அளந்தால் சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி நெஞ்சு வழியாக இறங்கும் ஃப்ரெனிக் நரம்பு, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக, மூளைத்தண்டின் கட்டளையை இந்தத் தசைக்குக் கொண்டுவருகிறது. கட்டளை வந்ததும் தசை சுருங்குகிறது, குவிமாடம் சற்றே தட்டையாகி 1 முதல் 2 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது, நெஞ்சறை பெரிதாகிறது, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் குறைகிறது, காற்று உள்ளே பாய்கிறது. கீழே இருக்கும் வயிற்று உறுப்புகள் தள்ளப்படுவதால் மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே எழும்பும். தூங்குகிற ஒருவரைக் கவனித்தால் இது தெளிவாகத் தெரியும். மூச்சை வெளியே விடுவதற்குச் சாதாரணமாகத் தனி முயற்சி எதுவும் தேவையில்லை, தசை தளர்ந்தாலே நுரையீரல் தானாகச் சுருங்கி காற்றை வெளியே அனுப்பிவிடும்.

அமைதியாக இருக்கும்போது மூச்சிழுக்கும் வேலையின் பெரும்பகுதியை இந்த ஒரு தசைதான் பார்க்கிறது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 17,000 தடவைக்கு மேல் சுருங்க வேண்டும். கைக்கும் காலுக்கும் உட்கார்ந்தால், படுத்தால் ஓய்வு உண்டு. உதரவிதானத்துக்கு அப்படி நீண்ட ஓய்வு பிறந்ததிலிருந்து ஒருநாள்கூடக் கிடைத்ததில்லை. இடைவிடாமல் உழைப்பதற்கென்றே அமைந்த தசை திடீரென்று ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். அந்த நிலை இயற்கையில் வருவதே இல்லை, வென்டிலேட்டரில்தான் வருகிறது.

வென்டிலேட்டர் செய்வது உடல் செய்வதற்கு நேர் எதிரான காரியம். உடல் காற்றை உள்ளே இழுக்கிறது, இயந்திரமோ தொண்டை வழியாக மூச்சுக்குழாயில் வைத்த டியூபின் ஊடாகக் காற்றை உள்ளே தள்ளுகிறது. தள்ளுவதற்குத் தசை தேவையில்லை. நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருந்து, இயந்திரம் நிமிடத்துக்கு இத்தனை மூச்சு, மூச்சுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று முழுவதையும் தானே பார்த்துக்கொண்டால் நெஞ்சு ஏறி இறங்கும், ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கும், திரையில் எல்லா எண்களும் ஒழுங்காக இருக்கும், ஆனால் உதரவிதானத்துக்கு ஒரு கட்டளைகூட வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் மூச்சு விடுவது போலவே தெரியும்.

ஒன்றை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு வென்டிலேட்டரே கெடுதல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1952இல் கோபன்ஹேகன் நகரத்தில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி அதன் வழியாகக் கையால் பையை அழுத்திக் காற்றைத் தள்ளலாம் என்று காட்டினார். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறைவைத்து, இரவும் பகலுமாக, வாரக்கணக்கில் அந்தப் பைகளை அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அங்கிருந்துதான் வளர்ந்தது. மூச்சுத் தசை தோற்ற இடத்தில் உயிரைக் காப்பாற்ற வந்த முறை இது. இன்றும் மூச்சுத் திணறலில் சாகக் கிடப்பவருக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. அந்த உதவியே தசைக்கு என்ன செய்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் விலங்குகளில் பார்த்தார்கள். எலிகளை முழுக் கட்டுப்பாட்டு வென்டிலேட்டரில் வைத்தால் ஒரு நாளைக்குள்ளேயே உதரவிதானத்தின் விசை குறைவது தெரிந்தது. மனிதர்களில் இதை நேரடியாகக் காட்டியது 2008இல் சான்ஃபோர்ட் லெவின் தலைமையிலான அமெரிக்கக் குழுவின் ஆய்வு. மூளைச்சாவு அடைந்து, உறுப்பு தானத்துக்காக வென்டிலேட்டரில் வைக்கப்பட்டிருந்த 14 பேரின் உதரவிதானத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் உதரவிதானம் 18 முதல் 69 மணி நேரம் வரை அசையாமல் இருந்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு, நெஞ்சு அறுவை சிகிச்சைக்காக 2, 3 மணி நேரம் மட்டும் வென்டிலேட்டரில் இருந்த 8 பேர். முதல் குழுவில் மெதுவாகச் சுருங்கும் தசையிழைகளின் குறுக்குவெட்டுப் பரப்பு 57 சதவீதமும், வேகமாகச் சுருங்கும் இழைகளில் 53 சதவீதமும் குறைவாக இருந்தது. மூன்று நாளுக்கும் குறைந்த காலத்தில் இழைகள் பாதிக்குமேல் மெலிந்திருக்கின்றன.

இந்த வேகம்தான் எனக்கு இன்றும் நம்ப முடியாததாக இருக்கிறது. எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்ட கால் மெலிந்துபோவதை எல்லோரும் பார்த்திருப்போம், ஆனால் அது கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். உதரவிதானத்துக்கு நாள்கணக்கு போதும். காரணம் ஓரளவு தெரியும். வேலை நின்றதும் அந்தத் தசையின் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, அதாவது ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள், தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அதிகமாக வெளிவிட ஆரம்பிக்கின்றன. அதைத் தொடர்ந்து புரதத்தை வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. தசை தன் சுருங்கும் புரதங்களைத் தானே உடைத்துத் தின்ன ஆரம்பிக்கிறது, புதிதாகக் கட்டுவதும் குறைகிறது. தசை மெலிவது பாதிக் கதை மட்டுமே. மிச்சமிருக்கும் இழைகளும் அவற்றின் அளவுக்குத் தர வேண்டிய விசையைத் தருவதில்லை என்பது ஐசியு நோயாளிகளின் தசைத் துண்டுகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது. உயிரோடிருக்கும் நோயாளிகளில், நரம்பைத் தூண்டி அளந்து பார்த்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், 6 நாள் வென்டிலேட்டரில் இருந்த பிறகு உதரவிதானத்தின் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

ஆனால் பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போடுவது சரியாக இருக்காது. வேறொரு பிரெஞ்சு ஆய்வில், டியூப் போட்ட முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அளந்து பார்த்தபோது 64 சதவீதம் பேருக்கு உதரவிதானம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது. அதாவது வென்டிலேட்டர் தன் வேலையைக் காட்டுவதற்கு முன்பே. அங்கே முக்கியக் காரணமாகத் தெரிந்தது செப்சிஸ், ரத்தத்தில் கிருமியின் தாக்கம் பரவி உடல் முழுவதும் அழற்சி கிளம்பும் நிலை. செப்சிஸ் எல்லாத் தசைகளையும் தாக்கும், உதரவிதானத்தைக் கூடுதலாகத் தாக்கும். ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கும் 'ஷாக்' நிலையில் தசைக்குப் போகும் ரத்தம் குறைவதும், ரத்தத்தில் பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியம் குறைவதும், ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாமல் மெலிந்து வந்திருப்பதும் சேர்ந்துகொள்ளும். தசைகளை முற்றிலும் தளர்த்தும் மருந்துகள், அதிக அளவு ஸ்டீராய்டு, ஆழ்ந்த மயக்க மருந்து இவையெல்லாம் சில நோயாளிகளுக்குத் தவிர்க்க முடியாத தேவை, ஆனால் தசைக்கு ஒரு விலை வைக்கின்றன. இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஃப்ரெனிக் நரம்பே பாதிக்கப்பட்டு ஒரு பக்கம் இயங்காமல் போவது தனிக் கதை, அது நரம்புக் கோளாறு, இங்கே பேசுவது பெரும்பாலும் தசைக்குள் நடப்பது.

சரி, சும்மா இருந்தால் கெடுகிறது என்றால் தீர்வு சுலபம்தானே, இயந்திரத்தின் உதவியைக் குறைத்துவிட்டு நோயாளியை உழைக்கவிட்டால் போயிற்று என்று தோன்றும். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. போதிய உதவி இல்லாமல், கெட்டியாகிப்போன நுரையீரலை எதிர்த்துக் கடுமையாக இழுத்துக்கொண்டிருக்கும் தசையும் கெடும். அளவுக்கு மீறிய சுமையில் இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன, அழற்சி வருகிறது, வீங்குகிறது. அல்ட்ராசவுண்டில் அப்படிப்பட்ட தசை தடித்துத் தெரியும், ஆனால் அந்தத் தடிப்பு பலத்தின் அடையாளம் கிடையாது. அதோடு, நோயாளி மிகப் பலமாக இழுத்தால் நுரையீரலும் அதிகமாக விரிக்கப்பட்டுச் சேதமாகலாம்.

டொரன்டோவில் ஈவன் கோலிகர் குழு இதை நாள்தோறும் அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்தது. 2015இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், முதல் வாரத்தில் 44 சதவீதம் பேருக்கு உதரவிதானத்தின் தடிமன் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, இன்னொரு 44 சதவீதத்தினருக்குப் பெரிய மாற்றம் இல்லை, 12 சதவீதத்தினருக்குக் கூடியது. 2018இல் வந்த அடுத்த ஆய்வில் பார்த்தால், தடிமன் குறைந்தவர்களும் வென்டிலேட்டரில் நீண்ட நாள் மாட்டிக்கொண்டார்கள், கூடியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். யாருடைய உதரவிதானம் முதல் மூன்று நாட்களில், ஆரோக்கியமான ஒருவர் ஓய்வாக மூச்சுவிடும் அளவுக்கு உழைத்ததோ அவர்கள்தான் எல்லோரையும்விடச் சீக்கிரம் இயந்திரத்திலிருந்து விடுபட்டார்கள். இதை நான் இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நினைக்கிறேன். முழு ஓய்வும் வேண்டாம், போராட்டமும் வேண்டாம், சாதாரண உழைப்பு போதும். சொல்லும்போது எளிது, ஆனால் ஒரு நோயாளிக்கு அந்த அளவு எது என்பது மணிக்கு மணி மாறும். காலையில் சரியாக இருந்த உதவி, சாயங்காலம் காய்ச்சல் ஏறினால் போதாமல் போகும், அப்புறம் மயக்க மருந்து கொடுத்தால் அதே உதவி அதிகமாகிவிடும்.

இவை தவிர இன்னும் இரண்டு வழிகளில் சேதம் நேரலாம் என்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, நோயாளியின் மூச்சும் இயந்திரத்தின் மூச்சும் ஒத்துப்போகாமல் இருப்பது. இயந்திரம் மூச்சை வெளியே விடும் கட்டத்தில் இருக்கும்போது நோயாளியின் தசை சுருங்க முயன்றால், நீண்டுகொண்டிருக்கும் நிலையில் சுருங்க வேண்டியிருக்கிறது, அந்த வகைச் சுருக்கம் தசையை அதிகமாகச் சேதப்படுத்தும். இன்னொன்று, நுரையீரல் மூடிப்போகாமல் இருக்க மூச்சின் கடைசியிலும் கொஞ்சம் அழுத்தத்தை வைத்திருப்பார்கள், பீப் என்பார்கள். அது உதரவிதானத்தை எப்போதும் கொஞ்சம் கீழே தள்ளிச் சுருங்கிய நிலையிலேயே வைத்திருக்கும். நாட்கணக்கில் அப்படி இருந்தால் தசை அந்தக் குறைந்த நீளத்துக்கே தன்னைப் பழக்கிக்கொள்கிறது. எலிகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. பிறகு அழுத்தத்தை எடுத்ததும் தசை தனக்குப் பழக்கமில்லாத நீளத்துக்கு இழுபட்டு, சுருங்கத் திணறும்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? கஷ்டம்தான், அதனால்தான் பல இடங்களில் யாரும் தேடுவதே இல்லை. கை பலத்தைக் கையைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், உதரவிதானத்தைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. கை பலமாக இருக்கிறது, எனவே மூச்சுத் தசையும் பலமாக இருக்கும் என்று கணக்குப் போடவும் முடியாது. வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் கட்டத்தில் இருந்தவர்களிடம் செய்த ஓர் ஆய்வில் உதரவிதானப் பலவீனம் 63 சதவீதம் பேருக்கு இருந்தது, கை கால் பலவீனம் 34 சதவீதம் பேருக்குத்தான். இரண்டும் சேர்ந்திருந்தவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர்.

துல்லியமான அளவீடு, கழுத்தில் ஃப்ரெனிக் நரம்பைக் காந்தத் துடிப்பால் தூண்டி, அந்த ஒரு சுருக்கத்தில் டியூபுக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று பார்ப்பது. நோயாளியின் ஒத்துழைப்பு தேவையில்லை, அவர் மயக்கத்தில் இருந்தாலும் அளக்கலாம். 11 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குக் கீழே இருந்தால் பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதற்கான கருவி ஆராய்ச்சி நடக்கும் சில மையங்களில்தான் இருக்கும். அன்றாடம் கைகொடுப்பது அல்ட்ராசவுண்ட். படுக்கைக்கே கொண்டுவரலாம், கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. கல்லீரல் வழியாகப் பார்த்தால் உதரவிதானம் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும், நோயாளி தன் சொந்த முயற்சியில் மூச்சிழுக்கும்போது 1 சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையில் வைத்துப் பார்த்தால் தடிமனை அளக்கலாம். மூச்சை விட்ட நிலையில் 2 மில்லிமீட்டர், இழுத்த நிலையில் 2.5 மில்லிமீட்டர் என்றால் 25 சதவீதம் தடித்திருக்கிறது, தசை வேலை செய்கிறது. 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால் பலவீனமாக இருக்கலாம். இருக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம், இயந்திரம் நிறைய உதவி செய்துகொண்டிருக்கும்போது அளந்தால் பலமான தசையும் சோம்பலாகத்தான் தெரியும், இயந்திர உதவியால் நெஞ்சு விரிந்து குவிமாடம் தள்ளப்படுவதைத் தசை இறங்குவதாகத் தப்பாக எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. எந்த நிலையில் அளந்தது என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

கருவி எதுவும் இல்லாமலே தெரியும் ஓர் அடையாளமும் இருக்கிறது. மூச்சிழுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, உதரவிதானம் தோற்றுவிட்டால் கழுத்துத் தசைகளும் விலா எலும்புத் தசைகளும் அவசரத்துக்கு நெஞ்சைத் தூக்கும், அப்போது உள்ளே உண்டாகும் குறைந்த அழுத்தம் செயலற்ற உதரவிதானத்தை மேலே உறிஞ்சிக்கொள்ளும். நெஞ்சு மேலே போகும்போது வயிறு உள்ளே குழியும். அனுபவமுள்ள நர்ஸ் இதை வாசலிலிருந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

வென்டிலேட்டரை எடுக்கும் முன் ஒரு பரீட்சை வைப்பார்கள். டியூப் இருந்தபடியே இருக்கும், இயந்திரத்தின் உதவியை ஏறக்குறைய இல்லாத அளவுக்குக் குறைத்துவிட்டு, அல்லது இயந்திரத்திலிருந்து கழற்றி ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை நோயாளி தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார்கள். உதரவிதானம் பலவீனமாக இருந்தால் ஆழமாக இழுக்க முடியாது, அதை ஈடுகட்ட வேகமாக இழுப்பார். 1991இல் யாங், டோபின் இருவரும் இதற்கு ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார்கள்: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சில் போகும் காற்றின் லிட்டர் அளவால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 20 மூச்சு, மூச்சுக்கு 400 மில்லிலிட்டர் என்றால் 50 வரும், நல்லது. 32 மூச்சு, மூச்சுக்கு 250 மில்லிலிட்டர் என்றால் 128. எல்லைக்கோடு 105. அதற்கு மேல் போனால் வென்டிலேட்டரை எடுப்பது தோல்வியில் முடிய வாய்ப்பு அதிகம். பரீட்சையில் தோற்றவர் எல்லோருக்கும் உதரவிதானம்தான் காரணம் என்றும் இல்லை. இதயம் தாங்காமல் போகலாம், உடலில் நீர் அதிகமாகச் சேர்ந்திருக்கலாம், நுரையீரலே இன்னும் தேறாமல் இருக்கலாம், மனக்குழப்பத்தில் இருக்கலாம். பல சமயம் இரண்டு மூன்று சேர்ந்தே வரும். பலவீனமான உதரவிதானத்தோடும் பலர் வெற்றிகரமாக வெளியே வந்திருக்கிறார்கள், சுமை குறைவாக இருந்தால் கொஞ்சம் பலமே போதும்.

செய்யக்கூடியது என்ன என்றால், இதற்கென்று மாத்திரையோ ஊசியோ கிடையாது. நான் பெரிதாக மதிப்பது மிகச் சாதாரணமாகத் தெரியும் ஒரு காரியத்தை: மயக்க மருந்தைத் தேவைக்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கொடுக்காமல் இருப்பது. 2000இல் ஜான் கிரெஸ் குழு, மயக்க மருந்தை நாள்தோறும் ஒருமுறை நிறுத்தி நோயாளியை விழிக்கவைத்துப் பார்த்தது. அப்படிச் செய்தவர்கள் வென்டிலேட்டரில் இருந்த காலம் 4.9 நாள், வழக்கம்போல் விட்டவர்களுக்கு 7.3 நாள். 2008இல் டிமத்தி ஜிரார்ட் குழு, இந்த விழிக்கவைத்தலையும் மேலே சொன்ன மூச்சுப் பரீட்சையையும் தினமும் ஒன்றோடொன்று சேர்த்தது. 28 நாட்களில் சராசரியாக 3 நாள் கூடுதலாக நோயாளிகள் இயந்திரம் இல்லாமல் மூச்சு விட்டார்கள். இந்த ஆய்வுகள் உதரவிதானத்தை அளக்கவில்லை, ஆனால் ஆழ்ந்த மயக்க மருந்து மூளையிலிருந்து உதரவிதானத்துக்கு வரும் கட்டளையை அடக்கிவிடும் என்பதை வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்திவருகிறது. அடுத்தது, நிலைமை அனுமதித்த உடனே முழுக் கட்டுப்பாட்டிலிருந்து, நோயாளி தானே மூச்சைத் தொடங்க இயந்திரம் துணைநிற்கும் முறைக்கு மாற்றுவது. மாற்றினால் மட்டும் போதாது, அந்த முறையிலும் உதவியை அளவுக்கு மீறி வைத்தால் தசை ஒரு சின்னத் தூண்டுதலைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும்.

பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியத்தைச் சரிசெய்வது, புரதம் போதிய அளவு போகிறதா என்று பார்ப்பது, செப்சிஸ் எங்கிருந்து வருகிறதோ அந்த மூலத்தை ஒழிப்பது, பிசியோதெரபிஸ்ட் வந்து உட்காரவைப்பது, நிற்கவைப்பது இதெல்லாம் கூடவே நடக்க வேண்டியவை. நீண்ட நாள் மாட்டிக்கொண்டவர்களுக்கு மூச்சுத் தசைக்கென்றே பயிற்சி இருக்கிறது. டியூபிலோ கழுத்துக் குழாயிலோ ஒரு சிறிய வால்வைப் பொருத்தி, குறிப்பிட்ட அளவு பலமாக இழுத்தால்தான் திறக்கும்படி வைத்து, தினமும் சில தடவை சில மூச்சுகள் இழுக்கச் சொல்வார்கள், தேறத் தேற எதிர்ப்பைக் கூட்டுவார்கள். 2011இல் வந்த புளோரிடா ஆய்வில், பலமுறை முயன்றும் இயந்திரத்தை விடமுடியாதிருந்தவர்களில், பயிற்சி பெற்ற குழுவில் 71 சதவீதம் பேர் விடுபட்டார்கள், ஒப்பிடுவதற்காகப் பெயருக்கு மட்டும் பாவனைப் பயிற்சி பெற்ற குழுவில் 47 சதவீதம். சிறிய ஆய்வுதான், 69 பேர், இருந்தாலும் நம்பிக்கை தருகிறது. கழுத்துச் சிரை வழியாக விட்ட குழாயிலிருந்து மின்துடிப்பால் ஃப்ரெனிக் நரம்பைத் தூண்டி உதரவிதானத்தைச் செயற்கையாகச் சுருங்கவைக்கும் முறையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2022இல் வந்த முடிவின்படி மூச்சிழுக்கும் பலம் தெளிவாகக் கூடியது, ஆனால் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்போது ஐசியுவில் இருந்தால், மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமையுள்ள கேள்விகள் சில இருக்கின்றன. இன்று அவர் மூச்சைத் தானே தொடங்குகிறாரா, அல்லது எல்லாவற்றையும் இயந்திரமே செய்கிறதா? மயக்க மருந்தை இன்று குறைத்துப் பார்த்தீர்களா, முடியவில்லை என்றால் எதனால்? தானாக மூச்சுவிடும் பரீட்சை நடந்ததா, எங்கே தடுமாறினார்? உதரவிதானத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா? கேளுங்கள், ஆனால் மயக்க மருந்தை உடனே நிறுத்துங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். நுரையீரல் மிக மோசமாக இருக்கும் முதல் நாட்களில் ஆழ்ந்த மயக்கமும் முழு ஓய்வும்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம், அந்த நேரத்தில் தசை மெலிவதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

டியூபை எடுத்த பிறகும் தசை ஒரே நாளில் பழையபடி ஆகிவிடாது. முதல் 2 நாள் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். சிலருக்கு முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்தத்தோடு காற்று கொடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்துவார்கள். அது மறுபடி மோசமாகிவிட்டார் என்பதற்கான அறிகுறி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், பல சமயம் பலவீனமான தசைக்குக் கொடுக்கும் முன்கூட்டிய துணைதான். இருமலுக்கு முன் ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும், அதுவும் உதரவிதானத்தின் வேலை, எனவே சளியை வெளியே கொண்டுவரச் சிரமப்படுவார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் பிறகு நீங்களும் உதவலாம். பேச ஆரம்பித்ததும் சீக்கிரம் களைத்துப்போவார், நீண்ட வாக்கியங்கள் வராது. மல்லாந்து தட்டையாகப் படுத்தால் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே அழுத்துவதால் அவருக்கு மூச்சுத் திணறும், வசதியாகப் படுக்கட்டும் என்று நினைத்துக் கட்டிலைத் தாழ்த்திவிடாதீர்கள், தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும்.